படத்தின் பின்புறம்

(மதுரை தல்லாகுளத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சங்கீதத்தைப் பற்றிப் பேச ஒருவனுக்குச் சங்கீத ஞானம் வேண்டும். புகைப்படத்தைப் பற்றிப் பேச அந்தத் தொழிலின் நுட்பம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் அறியாத என்னை, இரண்டும் சந்திக்கிற இடத்தைப் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். பழைய வித்வான்களின் புகைப்படங்களை முப்பது வருஷங்களாகத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு பைத்தியக்காரன் என்று என் வீட்டார் எனக்கு ஒரு பட்டம் கொடுத்திருக்கிறார்கள். இந்த மேடையில் நிற்பதற்கு எனக்குள்ள யோக்கியதை அந்தப் பட்டம் ஒன்றுதான்.

இந்த ஊரில் இதைப் பேசுவதில் எனக்கு விசேஷமான ஒரு திருப்தி உண்டு. சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி வந்து, எதிர்சேவை கண்டு, இங்கே பெருமாள் கோயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையை அணிந்துகொண்டு வைகைக்குப் புறப்படுகிற அந்த வேளையில், ஜனசமுத்திரத்தின் இரைச்சலையெல்லாம் கிழித்துக்கொண்டு ஒரு நாகசுரம் எழும்புமே, அதை என் பாட்டனார் தோளில் உட்கார்ந்தபடி கேட்டவன் நான். வாசித்தவர் யார் என்று பாட்டனாரைக் கேட்டேன். "மேளக்காரர்" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. சுற்றி நின்ற ஆயிரம் பேருக்கும் தெரியாது. இன்று நான் பேசப்போவது முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிப்போன மனிதரைப் பற்றித்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் கதைக்கு வருமுன் உங்களைக் கொஞ்சம் கடல் கடந்து அழைத்துச் செல்ல அனுமதி வேண்டுகிறேன். அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே பிறந்து உலகமெங்கும் பரவிய ஜாஸ் என்ற சங்கீதத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம்முடைய மனோதர்ம சங்கீதத்தோடு அதற்கு ஒருவகை உறவு சொல்லலாம்; எழுதி வைத்த ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அதை அந்த இடத்திலேயே, அந்த நிமிஷத்திலேயே புதிதாகக் கற்பனை செய்து விரிப்பதுதான் அந்த வித்வானுடைய சாமர்த்தியம். அந்தச் சங்கீதத்தில் பியானோ வாசித்த மேதைகளின் பழைய உருவப்படங்களைச் சேகரிப்பது மேல்நாட்டில் ஒரு தனி வித்தையாகவே வளர்ந்திருக்கிறது. படம் எடுத்த காலத்திலேயே, எடுத்தவர் கையாலோ அவருடைய மேற்பார்வையிலோ காகிதத்தில் ஏறிய பிரதிக்கு அவர்கள் தனி மதிப்புக் கொடுக்கிறார்கள். அதே நெகடிவிலிருந்து நாற்பது வருஷம் கழித்துப் போட்ட பிரதி பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை அந்த வரிசையில் வைக்கமாட்டார்கள்.

அவர்கள் கொண்டாடும் படங்களில் வில்லியம் காட்லீப் என்பவர் எடுத்தவை முக்கியமானவை. அவர் தொழிலால் பத்திரிகை எழுத்தாளர். வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் ஜாஸ் பற்றி எழுதி வந்தபோது, படம் பிடிக்க ஆள் அனுப்பப் பணமில்லை என்று பத்திரிகை கைவிரித்துவிடவே, தாமே ஒரு காமிராவை வாங்கிக் கற்றுக்கொண்டார். ஃபிலிமும் பளிச்சிடும் பல்புகளும் அவர் வரும்படிக்கு எட்டாத விலையில் இருந்தபடியால், ஓர் இரவுக்கு மூன்று நான்கு படங்களுக்கு மேல் எடுக்க முடியாது. ஆகையால் வாசிப்பவருடைய பாவம் முகத்தில் முழுதும் திரளும் அந்தக் கணத்துக்காகக் காத்துக் காத்து எடுத்தார். தெலோனியஸ் மாங்க் என்ற பியானோ வித்வானை 1947-ல் அவர் அப்படித்தான் படம் பிடித்தார். 1938 முதல் 1948 வரை எடுத்த ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட அந்தப் படங்கள் இப்போது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அவருடைய விருப்பப்படி 2010 முதல் அவை உலகப் பொதுச்சொத்து.

இன்னொரு படத்தைச் சொல்லவேண்டும். 1958-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஒரு நாள் காலையில், நியூயார்க் நகரத்தின் ஹார்லெம் பகுதியில், ஒரு சாதாரண வீட்டின் படிக்கட்டைச் சுற்றி ஐம்பத்தேழு ஜாஸ் வித்வான்கள் கூடி நின்றார்கள். ஆர்ட் கேன் என்ற இளைஞர் தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து அவர்களைப் படம் பிடித்தார். மேரி லூ வில்லியம்ஸ், மரியன் மெக்பார்ட்லண்ட் என்ற இரண்டு பெண் பியானோ வித்வான்கள் அருகருகே நிற்கிறார்கள். கவுண்ட் பேஸி நின்று நின்று அலுத்துப்போய், தெரு ஓரக் கல்லில் அந்தப் பேட்டைச் சிறுவர்களோடு வரிசையாக உட்கார்ந்துவிட்டார். 'சிங்கம்' என்று பட்டப்பெயர் பெற்ற வில்லி ஸ்மித் என்னும் பெரிய பியானோ வித்வானோ, சற்று இளைப்பாறலாமென்று பக்கத்து வீட்டுப் படியில் போய் அமர, அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டார்கள்; அவர் அதில் இல்லை. இதையெல்லாம் நான் எப்படிச் சொல்ல முடிகிறது? அந்த ஐம்பத்தேழு பேருக்கும் ஒவ்வொருவராகப் பெயர் குறித்து வைத்திருக்கிறார்கள் என்பதால் சொல்ல முடிகிறது. படத்தில் இருப்பவர்கள் மாத்திரமா? இல்லாமற்போனவர் யார், எந்தப் படியில் உட்கார்ந்திருந்ததால் இல்லாமற்போனார் என்பதுகூடப் பதிவாகி இருக்கிறது.

ஜாஸ் நம் தேசத்துக்கு வராத சங்கீதமும் அன்று. டெடி வெதர்ஃபோர்ட் என்ற கறுப்பினப் பியானோ வித்வான், சிக்காகோவில் பெயர் வாங்கி, ஷாங்காய் வழியாகக் கிழக்கே வந்து, பம்பாய் தாஜ்மஹால் ஓட்டலிலும் யுத்த காலத்தில் கல்கத்தா கிராண்ட் ஓட்டலிலும் வாசித்துக்கொண்டிருந்தார். 1945 ஏப்ரலில் அவர் கல்கத்தாவிலேயே வாந்திபேதியில் இறந்தபோது வயது நாற்பத்தொன்று. அவருடைய வாத்திய கோஷ்டிப் படங்களைப் பார்த்தால், நடுநாயகமாக அவருடைய கனத்த சரீரமும் மலர்ந்த சிரிப்பும் தெரியும். சுற்றிலும் நம் நாட்டு முகங்கள். இந்த வரலாற்றைத் துருவியெடுத்து நரேஷ் பெர்னாண்டஸ் என்பவர் 2012-ல் ஒரு புத்தகம் எழுதிய பிறகே, இப்படிப்பட்ட கோஷ்டிகளில் வாசித்த கோவாக்காரர்களையும் ஆங்கிலோ இந்தியர்களையும் பற்றி நம்மில் பலர் அறிந்தோம். பெரியவருக்குப் பெயர் தானாக நிற்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு யாராவது பாடுபட்டுத்தான் பெயரை நிறுத்தவேண்டியிருக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். சியாமா சாஸ்திரிகள் 1827-லும், முத்துசுவாமி தீக்ஷிதர் 1835-ல் எட்டயபுரத்திலும் மறைந்துவிட்டார்கள். 1847 வரை ஜீவித்திருந்த தியாகராஜ சுவாமிகளுக்கும் திருவையாற்றில் காமிராவைக் காணும் பிராப்தம் இல்லை. நாம் பூஜையில் வைத்து வணங்குகிற மும்மூர்த்திகளின் உருவங்கள் ஓவியர்களுடைய பக்தியின் பலன்கள். ஆனால் தியாகராஜருடைய சீடரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் பரம்பரையார் பிரயாசையுடன் எழுதி வைத்த ஏடுகள் இதே மதுரையில் சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்பட்டன. உருவம் கிடைக்காத குறையை எழுத்தால் ஈடு செய்தவர்கள் அந்தச் சீடர்கள். எழுதி வைப்பவன் ஒருவன் இருந்தால் படமில்லாமற்போனாலும் பாதகமில்லை. எழுதுவாரில்லாத இடத்தில் படம் இருந்தும் என்ன பிரயோசனம் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்லுகிறேன்.

மதுரைக்குக் காமிரா வந்தது 1858-ல் என்று சொல்லலாம். சென்னை ராஜதானி சர்க்காரின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, மெழுகு பூசிய காகித நெகடிவ்களைக் கொண்டு மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தார். வானம் வெறிச்சென்று விழுந்துவிடுகிறதென்று நெகடிவிலேயே தூரிகையால் மேகங்கள் தீட்டினார். அந்தப் படங்களில் கோபுரங்கள் இருக்கின்றன, மண்டபங்கள் இருக்கின்றன. மனிதர்களைத் தேடித்தான் பார்க்கவேண்டும். நெடுநேரம் திறந்து வைத்த காமிராவின் கண்ணுக்கு அசையாத கல்தான் அகப்பட்டது. நடந்து போனவர்கள் அகப்படவில்லை. கோயிலில் அன்றும் நாகசுரம் ஒலித்திருக்கும், ஊதியவரும் அகப்படவில்லை.

வித்வான்கள் காமிராவின் முன்னால் வந்து உட்கார்ந்தது ஸ்டூடியோக்கள் பெருகிய பிறகுதான். அந்த ஸ்டூடியோவைச் சற்று மனக்கண்ணால் பாருங்கள். மேலே வடக்குப் பார்த்த கண்ணாடிக் கூரை. பின்னால் மாளிகையும் பூந்தோட்டமும் தீட்டிய திரை. பக்கத்தில் ஒரு டீப்பாய், அதன்மேல் காகிதப் பூச்சாடி. "அசையாதீர்கள்" என்று சொல்லிவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைக்கிற மனிதர். படம் விழுந்த பிறகு, கூர் சீவிய பென்சிலால் கண்ணாடி நெகடிவின்மீது முகத்து வடுக்களையும் சுருக்கங்களையும் மறைக்கிற டச்சிங்காரர். கடைசியில் அட்டையில் ஒட்டி, அட்டையின் மூலையில் ஸ்டூடியோவின் பெயரைப் புடைப்பாக அழுத்திக் கொடுப்பார்கள். கவனியுங்கள்: எடுத்தவருடைய பெயர் அட்டையில் அழியாமல் இருக்கிறது. எடுக்கப்பட்டவருடைய பெயரை எழுதும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. உறவினர்களுக்குத் தெரியாதா என்ன என்று விட்டுவிட்டார்கள்.

இப்போது என்னிடமுள்ள ஒரு படத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில், பழைய பூட்டுகளுக்கும் பித்தளைக் குழாய்களுக்கும் நடுவே, கண்ணாடி உடைந்த சட்டத்தோடு சாக்கின்மேல் கிடந்தது. "சட்டம் தேக்கு சார், படத்தை எடுத்துப் போட்டுட்டு வேற படம் மாட்டிக்கலாம்" என்று கடைக்காரர் எனக்கு யோசனை சொன்னார். சட்டத்தின் விலையைக் கொடுத்தேன். படம் இனாமாக வந்தது.

அதில் ஐந்து பேர். நடுவில் ஜமக்காளத்தின்மேல் இரண்டு நாகசுரக்காரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். மூத்தவர் மார்பில் மூன்று தங்க மெடல்கள், காதில் கடுக்கன், முன்பக்கம் சிரைத்துப் பின்னால் முடிந்த குடுமி. வாத்தியத்தின் மேல்முனையிலிருந்து சீவாளிக் கொத்து நூலில் தொங்குகிறது. வாத்தியம் குட்டையாக இருக்கிறது, அதாவது திமிரி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியும் சேர்ந்து செம்மைப்படுத்திய நீண்ட பாரி நாகசுரம் 1930-களுக்குப் பிறகு எங்கும் பரவிவிட்டபடியால், இந்தப் படம் அதற்கு முந்தியதென்று நான் ஊகிக்கிறேன். வாத்தியத்தின் நீளத்தைக் கொண்டு காலத்தைக் கணிப்பது எங்களைப் போன்றவர்கள் கற்றுக்கொள்ளும் பாடங்களில் ஒன்று. வலப்பக்கம் தவில்காரர். படம் எடுப்பதற்குத் தவில் வாசிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவருடைய வலக்கை விரல்களில், துணியைப் பசை தடவிச் சுற்றி இறுகச் செய்த கூடுகள் அப்படியே இருக்கின்றன. கல்யாணத்திலிருந்து நேரே வந்தார்களோ, புறப்பாட்டுக்குப் போகிற வழியில் நுழைந்தார்களோ, அறியேன்.

பின்னால் இருவர் நிற்கிறார்கள். ஒருவர் ஒத்து ஊதுபவர். திரையின் ஓரத்துத் தூண் மறைத்து, முகத்தில் பாதிதான் தெரிகிறது. வாழ்நாள் முழுவதும் ஒரே ஸ்வரத்தை மூச்சு முறியாமல் ஊதிக்கொண்டு நிற்கும் தொழில் அவருடையது. பிற்காலத்தில் சுருதிப் பெட்டி வந்து அந்தத் தொழிலையே எடுத்துக்கொண்டது. மற்றவன் தாளம் போடுகிற பையன், பத்து வயது இருக்கலாம். "அசையாதீர்கள்" என்ற கட்டளைக்குப் பெரியவர்கள் நால்வரும் கற்சிலைகளாகக் கட்டுப்பட்டிருக்கிறார்கள். பையனுக்கு முடியவில்லை. அவனுடைய வலது கையும் அதிலிருந்த தாளமும் வெள்ளைப் புகைபோலக் கலைந்திருக்கின்றன. அந்தப் படத்தில் சங்கீதம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் அந்தக் கலைந்த கையைத்தான் காட்டுவேன்.

அட்டையைத் திருப்பினேன். பென்சிலில் ஒரு நம்பர். அதன் கீழே '6 காப்பி' என்ற எழுத்து. வேறொன்றுமில்லை.

அதை எடுத்துக்கொண்டு நான் பல ஊர் அலைந்தேன். கடைசியில் மிகவும் முதிர்ந்த ஒரு நாகசுர வித்வானிடம் காட்டியபோது, அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "நடுவுல உக்காந்திருக்கிற பெரியவங்களைத் தெரியலீங்க ஐயா. இந்தப் பையனைத் தெரியுது. நாங்க எல்லாருமே முதல்ல இந்தப் பையனாத்தானே நின்னோம்" என்றார். மெடல்களைப் பார்த்துக்கொண்டு அலைந்தவனுக்கு அந்த வார்த்தை பெரிய உபதேசமாக இருந்தது. நாகசுர வித்வான் மதுரை பொன்னுசாமி பிள்ளையின் படத்தை நாம் அடையாளம் சொல்லிவிடுவோம். தில்லானா மோகனாம்பாள் படத்துக்கு வாசித்த அவர் பேரர்கள் சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் முகங்கள் நமக்கு மனப்பாடம். ஆனால் அவர்களுக்குப் பின்னால் தாளத்தோடு நின்ற பையன்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் பிறகு வித்வான்களானார்கள்?

இதற்கு மாறான ஓர் உதாரணமும் சொல்லவேண்டும். இந்த மதுரையில், மேல அனுமந்தராயன் கோயில் தெருவில், வீணை சண்முகவடிவு அம்மாளின் மகளாக 1916-ல் பிறந்த எம். எஸ். சுப்புலக்ஷ்மியையும், அவருடைய சிநேகிதியான நாட்டிய மேதை பாலசரஸ்வதியையும் 1930-களில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம் பிற்காலத்தில் வெளிவந்து பலரைத் திகைக்க வைத்தது. கோடு போட்ட பைஜாமா அணிந்து, கையில் சிகரெட்டை வைத்துக்கொண்டு, சினிமாக்காரிகளைப்போல இருவரும் ஒயிலாக அமர்ந்திருக்கிறார்கள். புடவையும் மல்லிகையும் வைர மூக்குத்தியுமாக நாம் கண்டு வணங்கிய இருவரும், குறும்பும் கனவும் நிறைந்த இளம்பெண்களாக ஒருநாள் இருந்தார்கள் என்பதற்கு அந்த ஒரு காகிதம் சாக்ஷி. ஆனால் அவர்களுடைய பெயர்கள் மறைந்து, அதே படம் சந்தைச் சாக்கில் வந்து விழுந்திருந்தால், யாரோ இரண்டு பெண்கள் வேஷம் போட்டுக்கொண்ட வேடிக்கைப் படமென்று அதையும் சட்டத்துக்காகத்தான் விற்றிருப்பார்கள். படத்தில் ஓர் அணுவும் மாறியிராது; மாறியிருப்பது பின்புறத்து எழுத்து ஒன்றுதான்.

நமக்கு எதிரிலேயே, ராணி மங்கம்மாள் வாசம் செய்த தமுக்கம் அரண்மனையில் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே மகாத்மா சுடப்பட்டபோது அணிந்திருந்த, ரத்தக்கறை படிந்த துணியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று கண்ணீர் விடாதவர் குறைவு. இன்னதென்று சொல்லும் சிறிய குறிப்பு அதனோடு இல்லாவிட்டால், அது ஒரு பழைய கதர்த் துணி. வஸ்துவைப் பாதுகாப்பது பாதி வேலை. அதன் பெயரைப் பாதுகாப்பது மறுபாதி. சேகரிப்பவர்களாகிய நாங்கள் முதற்பாதியைச் செய்துவிட்டு மார்தட்டிக்கொள்கிறோம் என்பதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறேன்.

முதற்பாதியும் சுலபமன்று. நம் சீதோஷ்ணத்தில் ஈரம் ஏறினால் படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தெடுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ராமபாணப் பூச்சி பசையைத் தேடி வரும். கரையான் பின்பலகையிலிருந்து ஆரம்பிக்கும். அடர்ந்த நிழல்களில் நாளடைவில் வெள்ளி பூத்து, சாய்த்துப் பார்த்தால் கண்ணாடிபோல் மினுங்கும். இவற்றையெல்லாம் தப்பிய கண்ணாடி நெகடிவ்களையோ, ஸ்டூடியோவை மூடும்போது மேல்பூச்சைச் சுரண்டிக் கழுவி, வெறுங்கண்ணாடியாக விற்றவர்கள் உண்டு. எஞ்சியவற்றைத் தேடியெடுத்துப் பிரதி செய்யும் நல்ல காரியத்தைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் செய்து வருகிறார்கள். தனி மனிதரால் ஆகுமா என்று கேட்பவர்களுக்குக் கோட்டையூர் ரோஜா முத்தையாவைக் காட்டுகிறேன். செட்டிநாட்டு ஊர் ஒன்றில் இருந்துகொண்டு, புத்தகங்களோடு நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை முதலான துண்டுக் காகிதங்களையும் அவர் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் காலமான பிறகு, அந்தச் சேகரம் சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி நூலகமாகி இன்று அறிஞர்கள் தேடி வரும் இடமாக விளங்குகிறது.

நீங்கள் அவ்வளவு சிரமப்படவேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் என்னைப்போல் புழுதியில் புரளவும் வேண்டாம். இந்தச் சபையில் இசை வேளாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இருப்பீர்கள். பஜனை மடங்களோடும் பழைய நாடகக் கம்பெனிகளோடும் சம்பந்தமுடைய வீட்டார் இருப்பீர்கள். தாத்தா கல்யாணத்து மேளக் கோஷ்டிப் படம் எந்த வீட்டுப் பரணில்தான் இல்லை? இன்றிரவு வீடு போய் அதை இறக்குங்கள். தூசியை மெல்லிய துணியால் துடையுங்கள், தண்ணீர் படவேண்டாம். பிறகு வீட்டில் எல்லாரிலும் மூத்தவரை, பார்வையும் ஞாபகமும் இருக்கும்போதே, பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். அவர் சொல்லுகிற பெயரையும் ஊரையும் வருஷத்தையும் அட்டையின் பின்புறம் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். அழுத்தாமல் எழுதுகிற ஒரு பென்சில் போதும். நடுவில் மெடலோடு இருப்பவரிடமிருந்து தொடங்காதீர்கள்; அவரை எப்படியாவது யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். ஓரத்தில் நின்று தாளம் போடுகிற பையனிடமிருந்து ஆரம்பியுங்கள்.